மாஸ்டருக்கு மிஞ்சிய சொல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மனைவிகூட வெளியாட்களிடம் "மாஸ்டர் குளிக்கறார்" என்றுதான் சொல்லுவாள். அவருக்கு வாய் ஓயாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஆளை, பேசிப் பேசியே பயம் மறக்க வைத்துவிடுவார். "எதிர்ல வர்ற லாரிக்காரர் உங்களுக்குப் பொண்ணு கொடுத்த மாமனாரா, இப்படிப் பம்மறீங்க? ரோட்டைப் பாருங்க சார்" என்பார். கற்றுக்கொள்ள வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் வண்டி நேராகப் போகும். அவருடைய பாடமே அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது. அன்றைக்கு யார் எந்தச் சுவரில் மோதப் பார்த்தார்கள் என்ற கதை சாப்பிட்டு முடிகிற வரைக்கும் ஓடும். அவள் 'ம்' கொட்டுவாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண்ணாடிகளை ஃபிரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பகலெல்லாம் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், வீட்டில் பேசாமல் இருப்பதே அவளுக்கு ஓய்வு. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார். இருவருக்கும் அது ஒத்துப்போனது.

அன்றைக்குக் காலையில் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தது பாங்க்கில் வேலை பார்க்கிற ஒரு பெண். மேட்டில் வண்டியைக் கிளப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "விடு, விடு, கிளட்ச்சை மெதுவா விடு" என்று சொன்னவர், அதற்கப்புறம் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. கிண்டலுக்கு ஏதோ பாஷை பேசுகிறார் என்று முதலில் நினைத்தாளாம். திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடியில் துவண்டு கிடந்தது. அவர் பக்கத்து பிரேக்கை இடது காலால் அவரே அழுத்தி வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் மனைவியிடம் ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம். ரத்தம் கிடைக்காத இடம் அந்தப் படத்தில் ஈரம் படிந்த சுவர் மாதிரி தெரிந்தது. "பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு இந்தப் பக்கம்தாம்மா. வலது கை, வலது காலை ஆட்டுவிக்கறதும் இந்தப் பக்கம்தான்" என்றார். உயிர் போய் உயிர் வந்த நேரத்தில் அதில் பாதிதான் அவள் காதில் ஏறியது. பிழைத்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது.

அவருக்கு நினைவு தெளிந்து முதல் வார்த்தை வந்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"தண்ணி வேணுமாங்க?"

"விடு" என்றார்.

வேண்டாம் என்கிறார் என்று டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் முகம் சுருங்கியது. "விடு" என்றார் மறுபடி, கொஞ்சம் சத்தமாக.

மகள் போனில், "அப்பா, நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டதற்கும் "விடு, விடு" என்றார். அப்பா வாழ்க்கையையே வெறுத்துவிட்டார் என்று அவள் அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் நர்ஸ் வந்து, "உங்க பேர் சொல்லுங்க பாக்கலாம்" என்றதும் அவர் வெகு அக்கறையாக, பெயர் சொல்லுகிற அதே தோரணையில், "விடு" என்றார். அப்போதுதான் மனைவிக்கு உறைத்தது. மனுஷர் எதையும் விடச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் பேசிய வாயில் இப்போது அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவருக்குக் காது போய்விட்டதைப் போலக் கத்திப் பேசினார்கள். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்டது, சொன்னதில் முக்கால்வாசி புரியவும் செய்தது. பதில்தான் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் இடது கையால் அலமாரியைக் காட்டி "விடு" என்றார். சட்டை எடுத்தாள். "விடு." துண்டு, சீப்பு, மாத்திரை டப்பா, மகளின் கல்யாண ஆல்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் குவித்தாள். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தானே கைத்தடியை ஊன்றி எழுந்து, தத்தித் தத்திப் போய், சரியாகச் சாத்தாமல் இருந்த அலமாரிக் கதவை ஒரு தள்ளுத் தள்ளி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம் அதையெல்லாம் அவளேதான் மடித்து வைக்க வேண்டியிருந்தது.

காலையில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். அவள் வருகிற வரைக்கும் மாடி வீட்டுக்காரர் வந்து துணைக்கு உட்காருவார். மத்தியானம் திரும்பி ஓடி வருவாள். வந்த பிறகு பேச வேண்டும். அதுதான் அவளுக்கு மலையாக இருந்தது. டாக்டரிடம், மருந்துக்கடையில், போனில் மகளிடம் என்று அவருக்கும் சேர்த்துப் பேச வேண்டியவள் இப்போது அவள். ராத்திரி படுக்கும்போது தாடை வலித்தது.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், மாடிப்படி ஏறியதும் ஒரு நீள பெஞ்சு. ஒரு கதவு கைப்பயிற்சிக்கு, இன்னொரு கதவு பேச்சுக்கு. பேச்சு அறையில் ஒரு கண்ணாடி, ஒரு மேஜை, படம் ஒட்டிய அட்டைகள். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். "நீங்களும் மாஸ்டர், நானும் டீச்சர். ஒத்துப்போயிடும் சார்" என்று முதல் நாளே சொன்னாள். குடையின் படத்தைக் காட்டி, "கு..." என்று எடுத்துக் கொடுப்பாள். மாஸ்டர் அந்தப் படத்தை உற்றுப் பார்ப்பார். தெரிந்த முகத்துக்குப் பெயர் அகப்படாதவரைப் போல நெற்றியைச் சுருக்குவார். "விடு" என்று வந்துவிடும். தப்பு என்று அவருக்கே தெரியும். உடனே கண் கலங்கும்.

பெஞ்சில்தான் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தார்கள். கைப்பயிற்சிக்கு அம்மாவோடு வருவாள். வலது கை மணிக்கட்டில் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வலது காலில், நடக்கும்போது பாதம் மடங்காமல் இருக்க, பட்டை போட்டிருப்பாள். வாய் மட்டும் ஊருக்கே போதும். அம்மாவே அவளை 'வாயாடி' என்றுதான் கூப்பிட்டாள். படியேறும்போதே குரல் கேட்டுவிடும். செருப்பு கடிக்கிறது, படியில் ஒரு எறும்பு, நேற்று டீச்சர் வேறு கம்மல் போட்டிருந்தார், இந்தத் தாத்தா ஏன் பேச மாட்டேன் என்கிறார்.

தாத்தா என்றதும் மாஸ்டர் தலைமுடியைத் தடவிக்கொண்டார்.

"சும்மா இருடி" என்ற தாய், மாஸ்டரின் மனைவியிடம் திரும்பினாள். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. இவளுக்கும் இதேதான் வந்தது. பொறந்தப்பவே."

"எது?"

"ஸ்ட்ரோக்குதான். பொறந்த குழந்தைக்கு வருமான்னு நானும்தான் கேட்டேன். இடது பக்கம் பாதி மூளை போச்சுன்னாங்க."

மாஸ்டரின் மனைவி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அதே இடது பக்கமா? பேச்சு அங்கதான இருக்குன்னாரு டாக்டர். அப்புறம் எப்படி இவ இப்படி..."

"எனக்கென்னக்கா தெரியும்? கொஞ்சம் லேட்டாத்தான் பேச ஆரம்பிச்சா. ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நிறுத்தல."

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே திரும்பிப் போனாள். மனசில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டாள். "அந்தப் பொண்ணுக்கு அடுத்த பக்கத்துல இருந்து பேச்சு வருதுல்ல? இவருக்கும் அந்தப் பக்கம் இருக்கே டீச்சர். ஏன் வரல?"

டீச்சர் அட்டைகளை அடுக்குவதை நிறுத்தினாள். மழுப்பாமல் சொன்னாள். "குழந்தைக்கு மூளை புது வீடு மாதிரிம்மா. அப்பதான் குடி வராங்க. எந்த ரூமை வேணா சமையல் ரூம் ஆக்கிக்கலாம். சின்ன வயசுல ரெண்டு பக்கமும் பேச்சுக்கு உழைக்கும். வளர வளர இடது பக்கம் பொறுப்பை எடுத்துக்கும், வலது பக்கம் வேற வேலைக்குப் போயிடும். இவளுக்கு இடது பக்கம் ஆரம்பத்துலயே போயிட்டதால பேச்சு மொத்தமும் வலது பக்கமே வளர்ந்துடுச்சு. படத்தைப் பாத்து அடுக்கற மாதிரி வேலைன்னா கொஞ்சம் தடுமாறுவா. பேச்சுல குறையே இல்ல."

"இவருக்கு?"

"சார் இத்தனை வருஷம் குடியிருந்த வீடும்மா. வலது பக்கம் ஓரளவு கை கொடுக்கும். பழகிப்போன வார்த்தை, எண்ணிக்கை, பாட்டு, திட்டு, இதெல்லாம் அங்க இருந்தும் வரும். ஆனா முழுசா எடுத்து நடத்தாது. இடது பக்கத்துல அடிபடாம மிச்சம் இருக்கற இடம்தான் வேலையைக் கத்துக்கணும். முதல்ல சில மாசம் வேகமா வரும், அப்புறம் மெதுவா. நின்னு போயிடாது. பழையபடி ஆயிடுவார்னு மட்டும் நான் சொல்ல மாட்டேம்மா."

படியிறங்கும்போது அவள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். பின்னால் அந்தக் குழந்தை ஒவ்வொரு படிக்கும் ஏதோ பேர் வைத்துக்கொண்டு இறங்கி வந்தது. அந்தக் குரல் நிற்காதா என்று இருந்தது அவளுக்கு. பச்சைக் குழந்தை மேல் பொறாமைப்படுகிறோமே என்று அடுத்த நிமிஷமே கூசிப்போனாள்.

அந்த வாரம் அவளுக்குத் தாங்கவில்லை. சாப்பிடும்போது அவர் தட்டைத் தள்ளி "விடு" என்றார். உப்பா, காரமா, பசியில்லையா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கரண்டியைப் போட்டுவிட்டாள். "விடு விடுன்னா எதைங்க விடறது? சொல்லுங்க. உங்களையா, என்னையா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். யாரும் வரச் சொல்லவில்லை. மெஷினைப் போட்டாள். கல் சுழன்றது, தண்ணீர் சொட்டியது, யாரும் எதையும் கேட்கவில்லை. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. யாருடைய கண்ணாடியையோ ஒரு பக்கம் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். கடைக்காரர் வந்து பார்த்தார். "வீட்டுக்குப் போம்மா, நான் வேற போட்டுக்கறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த தடவை பயிற்சிக்குப் போனபோது டீச்சர் வேறு ஒன்று சொன்னாள். "ஒண்ணுல ஆரம்பிச்சு நான் எண்ணினா சார் கூடவே பத்து வரைக்கும் வந்துடறார். ஊறிப்போனது உள்ள இருக்கு. அவர் எந்த இடத்துல உக்காந்து அதிகம் பேசுவாரோ அங்க ஒரு தடவை உக்கார வச்சுப் பாருங்களேன்."

அது எந்த இடம் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி பழைய பயிற்சிக் காரையே எடுத்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு வெற்று மைதானம். மாஸ்டரை அவருடைய பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள். முதலாளி பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, எட்டி ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்குக்கு ஆள் வேண்டுமே.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் முதலாளி.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுத்தால் குடும்பம் ஒர்க் ஷாப்பில் நிற்கும் என்பார். அவளும் கேட்டதில்லை. முதலாளி எது எது என்று காட்டிக் கொடுத்தார். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு எகிறு எகிறி நின்றது. மாஸ்டரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பழைய மாஸ்டர் அப்படியே இருந்தார்.

மறுபடி திருப்பினாள். மறுபடி எகிறியது.

"மெ..." என்றார் மாஸ்டர். வாய் கோணியது. "மெதுவா."

பின்சீட்டிலிருந்து முதலாளி தலையை முன்னால் நீட்டினார். அவள் மறுபடி சாவியைத் திருப்பினாள்.

"கிளட்ச்ச விடு" என்றார் மாஸ்டர், தெளிவாக. "மெதுவா... விடு."

விட்டாள். வண்டி நகர்ந்தது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் "திருப்பு" வந்தது, "ரோட்டைப் பாரு" வந்தது, தகரத் தடுப்பை நோக்கி அவள் போனபோது "பிரேக்கு" என்று இடி மாதிரி வந்தது. கூடவே இடது காலால் அவரே அழுத்தியும் விட்டார். வண்டி நின்றதும் முதலாளி இறங்கிப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம்தான். அதைக்கூட நிமிர்ந்து அனுபவிக்கத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்து, "தண்ணி வேணுமாங்க?" என்றாள் ஆசையாக.

"விடு" என்றார்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மைதானத்தில் அத்தனை பேசியவருக்கு வாசற்படியைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. அவருக்கும் அது புரிந்தது. அவர்தான் டம்ளரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் வாடவில்லை. "அது காரோட பேச்சும்மா. சீட்டு, கண்ணாடி, சத்தம் எல்லாம் சேர்ந்து இழுத்துட்டு வருது. ஆனா 'கிளட்ச்ச விடு'ன்னு ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்துதுல்ல? அதைப் பிடிச்சுக்குவோம். விடுங்கறது சாருக்கு எப்படியும் வருது. அதுக்கு முன்னாடி ஒண்ணு ஒண்ணா சேர்ப்போம்."

அன்றிலிருந்து அட்டைகள் ஓரமாகப் போயின. தண்ணி விடு. மூச்சு விடு. கையை விடு. மேஜையில் டம்ளர் வைத்து உண்மையாகவே தண்ணீர் விட்டு, உண்மையாகவே கையைப் பிடித்துக்கொண்டு, "தண்" என்று டீச்சர் தொடங்குவாள், மாஸ்டர் முடிப்பார். நூறு தடவை சொன்னால் ஒரு தடவை தானாக வரும். மறுநாள் அதுவும் மறந்துபோயிருக்கும். திறந்த கதவு வழியாகப் பெஞ்சில் இருந்த வாயாடி, "பட்டம் விடு, கப்பல் விடு, கொட்டாவி விடு, ஸ்கூலுக்கு லீவு விடு" என்று ஒரே மூச்சில் அடுக்கினாள். மாஸ்டருக்கு ஒரு மாசத்துப் பாடம் அது. தாய் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

பிறகு பெஞ்சில் மாஸ்டரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்கா, இவ பேசறதைக் கேட்டா."

"இருந்துச்சு" என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "இப்ப அவ்வளவு இல்ல."

"பேச்சுதான்கா வந்துச்சு. கை வரல. சட்டைப் பட்டன் போட இன்னும் நான்தான். பெரியவளானா யாரு போடுவாங்கன்னு அவளே கேக்கறா." அந்தத் தாயின் கண்ணுக்குக் கீழே கரி அப்பின மாதிரி இருந்தது. தனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் இவள். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி லேசாகக் கண்ணயர்ந்தாள்.

மாஸ்டர் தானாகச் சொன்ன முதல் சொந்த வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒருநாள் டீச்சர் 'தண்ணி விடு'வை விடாமல் பிடித்து, இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று இழுத்துக்கொண்டே போனாள். மாஸ்டர் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். "அம்மா, ஆள விடு" என்றார். டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார், பாதி வாயால். அன்றைக்கு நிஜமாகவே சீக்கிரம் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகும் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஒன்றிரண்டாகச் சொற்கள் வந்தன. வந்தவற்றில் சில தங்கின. வருஷம் திரும்புவதற்குள் சாப்பாடு, வலி, போதும், மாத்திரை, போன், மகளின் பெயர் எல்லாம் பெரும்பாலும் வந்தன. மூன்று சொல்லுக்கு மேல் கோக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பவில்லை. எப்போதாவது முதலாளி அவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்னறையில் உட்கார வைப்பார். வந்தவர்களைப் பார்த்து அவர் தலையசைப்பார். அரைமணியில் களைத்துவிடுவார். மனைவி மைதானத்துக்கு விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவருக்குப் பேச்சு சுலபமாக வந்தது, அதுதான் முதல் காரணம். போகப் போக ஓட்டவும் வந்துவிட்டது. முதல் தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்றாள், இரண்டாம் தடவை தேறினாள். இப்போது அவரைப் பயிற்சிக்கு அழைத்துப் போவது அவளேதான். வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வருவார். திட்டு மட்டும் அவருக்குத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. அவளும் தடுக்கவில்லை.

அவள் பெயர் மட்டும் வரவில்லை. டீச்சர் எத்தனையோ வழியில் முயன்றாள். அவர் முன்னால் மனைவியின் போட்டோவை வைத்து, முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்து, எழுதிக் காட்டி. மாஸ்டர் வியர்த்துப்போவார். ஒருநாள் மருந்துக்கடை வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தபோது, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தாள்.

"அக்கா" என்றார் மாஸ்டர் மறுபடி, அவளைப் பார்த்துக் கையசைத்து.

வரிசையில் நின்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. அடுத்த தடவை இதை டீச்சரிடம் சொன்னாள். அவள் கைதட்டாத குறைதான். "நல்லதும்மா. சரியான தெருவுக்கு வந்துட்டார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டார். அம்மா, அக்கா, பொண்டாட்டி எல்லாம் மூளைக்குள்ள கிட்டக் கிட்டதான் இருக்கும். திருத்திக்கிட்டே இருங்க."

முதலில் கொஞ்ச நாள் திருத்தினாள். "நான் அக்கா இல்லீங்க" என்று பெயரைச் சொல்லுவாள். அவர் உதட்டைப் பார்த்துத் திரும்பச் சொல்ல முயல்வார், சரிந்து மறுபடி அக்காவில் போய் நிற்பார். பாவம், அவ்வளவு பிரியமாகக் கூப்பிடுவார். சில நாள் திருத்தத் தெம்பு இருக்கும், சில நாள் இருக்காது.

நேற்றுச் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து குரல் வந்தது. "அக்கா. டீ."

"என்ன தம்பி, சர்க்கரை போடட்டுமா?" என்றாள்.

அங்கேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் மேடையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.